தொண்ணூத்தேழு புள்ளி நாலு

போன ஞாயித்துக்கிழமை பழைய பேப்பரை எடைக்குப் போடலாம்னு பரணைக் காலி பண்ணிக்கிட்டிருந்தப்ப ஒரு நீள நோட்டு கையில் அகப்பட்டது. அட்டையில் என் கையெழுத்து. "வெப்பநிலைப் பதிவேடு". உள்ளே பக்கத்துக்குப் பதினாலு பேர். பேருக்கு எதிரே நேரம், நேரத்துக்கு எதிரே எண். 97.4, 97.6, 97.4, 97.2, 97.4...

வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு, "என்னங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதி வச்சிருக்கீங்க?"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. நோட்டை எடைக்குப் போடவும் மனசு வரலை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம் மக்களே, பொறுத்துக்கங்க. வழக்கமான சாப்பாட்டுப் பதிவு இல்லை. ஆனா முறுக்கு உண்டு :)

நான் அப்ப காரைக்குடி பக்கத்துல ஒரு பலகாரக் கம்பெனியில கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். கம்பெனின்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு பழைய செட்டியார் வீட்டை வாடகைக்குப் பிடிச்சு, பின்கட்டுல நாலு பெரிய அடுப்பு போட்டு, கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம்னு செஞ்சு வெளியூருக்கு அனுப்புற இடம். பதினாலு பேர். என்னையும் டெலிவரிப் பையனையும் தவிர எல்லாரும் பெண்கள். கோட்டையூர், பள்ளத்தூர், அமராவதிபுதூர் பக்கமிருந்து வர்றவங்க. கம்பெனி பேரு வேண்டாம். அங்கே நடந்த தப்புல பாதி என்னோடதுதான், பேரைச் சொல்லி என்ன ஆகப் போகுது.

எங்க ஊர் வீடுகளை நேர்ல பார்க்காதவங்க சினிமாவுலயாவது பார்த்திருப்பீங்க. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, கொல்லைன்னு ஒரே நேர்கோட்டுல வாசலுக்குப் பின்னாடி வாசல். முன்வாசல்ல நின்னா பின்வாசல் வெளிச்சம் தெரியும். நடுவுல திறந்த முற்றம். ஏசி இல்லாத காலத்துல கட்டினவங்க, காத்து வரவும் போகவும் வழி விட்டுத்தான் கட்டினாங்க. நேர் வாசல், திறந்த முற்றம். இந்த ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கங்க.

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்கு தமிழ்நாடு முழுக்க 144 வந்தது. அன்னைக்கே அடுப்பை அணைச்சோம். மே மாசம் தளர்வுகள் வந்ததும் முதலாளி கூப்பிட்டார். "கணக்குப்பிள்ளை, இனிமே நீங்கதான் கோவிட் ஆபீசர்." சம்பளம் கூடலை. ஒரு துப்பாக்கி மட்டும் கிடைச்சது. நெத்தியில காட்டிச் சூடு பார்க்கிற துப்பாக்கிதான். அப்ப இருந்த கிராக்கியில நாலாயிரத்துச் சொச்சம்.

ஏப்ரல் 15ந் தேதியே மத்திய உள்துறை அமைச்சகம் வேலையிடங்களுக்கான விதிகளைப் போட்டிருந்தது. முகக்கவசம், உடல் சூடு பார்க்கிறது, கை படுற இடத்துல எல்லாம் சானிடைசர், ஷிப்டுக்கு ஷிப்டு ஒரு மணி நேர இடைவெளி, சாப்பாட்டு நேரத்தைப் பிரிச்சு விடுறது. நான் அதைப் பிரிண்ட் எடுத்து முகப்புல ஒட்டினேன். சானிடைசர் அஞ்சு லிட்டர் கேன் ரெண்டு, பிளீச்சிங் பவுடர், கால்ல மிதிச்சா கை கழுவ மருந்து ஊத்துற ஸ்டாண்டு, தரையில ஆறடிக்கு ஒரு மஞ்சள் வட்டம். சிக்ரி இருக்கிற ஊருக்காரன் நான், சுத்தத்துல விட்டுக்கொடுப்பேனா? (உப்புத் தண்ணியில மின்சாரத்தைச் செலுத்தி ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி எடுக்கிறது சிக்ரி மாதிரி மின்வேதியியல் நிலையத்துக்கு அரிச்சுவடி. அந்த 2020ல அவங்களும் சானிடைசர் தயாரிச்சாங்க.)

முதல் நாளே துப்பாக்கி மானத்தை வாங்கிடுச்சு. மே மாச வெயில்ல ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வந்தவங்க நெத்தியில 100.2, 100.6னு காட்டுது. எல்லாரையும் திருப்பி அனுப்பினா முறுக்கை யாரு சுத்துறது? பத்து நிமிஷம் திண்ணையில உக்கார வச்சு மறுபடி பார்த்தா 97. சரின்னு எழுதினேன். அடுத்த வாரம் உக்கார வைக்கிறதுக்குக்கூடப் பொறுமை இல்லை. அதுக்கடுத்த மாசம் பேட்டரி தீர்ந்து போச்சு. புதுசு வாங்க ரெண்டு வாரம் ஆச்சு. அந்த ரெண்டு வாரமும் நோட்டுல ஒரு நாள்கூட விடுபடலை. 97.4, 97.6, 97.4.

சரி, கதவு விஷயத்துக்கு வர்றேன்.

எல்லாரும் முன்வாசல் வழியாத்தான் வரணும், அப்பத்தானே சூடு பார்க்க முடியும்? ஆனா அடுப்படிக்காரங்க கொல்லை வழியா வந்து பழகினவங்க. சைக்கிளை அங்கே நிறுத்தி அப்படியே உள்ளே போயிடுவாங்க. அதனால நான் ஒரு காரியம் பண்ணினேன். பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை முகப்புல என் மேஜை டிராயர்ல வச்சுக்கிட்டேன். எந்த உத்தரவுலயும் பின்கதவைப் பூட்டுன்னு இல்லை. நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சது. முதலாளிகிட்ட பாராட்டு வேற வாங்கினேன்.

அடுப்படிக்குப் பொறுப்பா இருந்தவங்களை எல்லாரும் பெரியக்கான்னு கூப்பிடுவோம். ஐம்பது வயசுக்கு மேல. முறுக்குச் சுத்துறதுல அந்த வட்டாரத்துல அவங்களை மிஞ்ச ஆளில்லை. மூணு தடவை வந்து சொன்னாங்க. "தம்பி, நாலு அடுப்பு எரியுது. பின்வாசலைத் தொறந்து விடுங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா எங்கிட்டு ஓடுறது?" நான், "அக்கா, கொரோனா முடியட்டும்"னேன்.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 14. அக்டோபர் கடைசியில ஆர்டர் குவிஞ்சு கிடந்தது. ஒரு நாள் காலையில நான் அடுப்படிப் பக்கம் போனப்ப, வாசல்ல நான் வச்சிருந்த சானிடைசர் கேனைக் காணோம். கேட்டா, பெரியக்கா அதைத் தூக்கிட்டுப் போய் கொல்லைப்பக்க ஜன்னலுக்கு வெளியே வைக்கச் சொல்லியிருக்காங்க. "ஸ்பிரிட் வாடை அடிக்குது தம்பி, அடுப்புக்கிட்ட ஆகாது." நான் கோபப்பட்டேன். "ரூல்ஸ் படி வாசல்ல இருக்கணும்கா. இன்ஸ்பெக்ஷன் வந்தா யாரு பதில் சொல்றது?" அவங்க பதில் பேசலை. கேனும் திரும்பி வரலை.

அன்னைக்கு மத்தியானம் மூணாவது அடுப்புல இருப்புச்சட்டி எண்ணெய் தீப்பிடிச்சது. தேன்குழல் ஈடு எடுத்துட்டு அடுத்த மாவைக் கொண்டு வர்றதுக்குள்ள எண்ணெய் அளவுக்கு மேல காய்ஞ்சு, புகைஞ்சு, குப்புன்னு பிடிச்சுக்கிச்சு. புதுசா சேர்ந்திருந்த பொண்ணு ஒரு வாளித் தண்ணியைத் தூக்கிருச்சு. எரியுற எண்ணெயில தண்ணி பட்டா என்ன ஆகும்னு தெரியும்ல? தண்ணி கீழே போய் ஒரே நொடியில ஆவியாகி, எரியுற எண்ணெயை நாலு பக்கமும் தூக்கி அடிக்கும். பெரியக்கா போட்ட சத்தம் முகப்பு வரைக்கும் கேட்டது. "தண்ணி ஊத்தாதடீ!" கேஸைத் திருகி அடைச்சுட்டு, அண்டா மூடியை எடுத்துச் சட்டி மேல கவுத்தாங்க.

ஆனா அதுக்குள்ள மூணு பேரு பின்வாசலுக்கு ஓடிட்டாங்க. பூட்டு. கதவைத் தட்டிப் பார்த்துட்டு, மறுபடி அந்த எரியுற சட்டியைத் தாண்டி ஓடி வந்தாங்க. அதுல ஒருத்தங்களுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் எண்ணெய் தெறிச்சுப் பொசுங்கிப் போச்சு. தீயணைப்பான் ஒண்ணு இருந்தது. எங்கேன்னு கேக்குறீங்களா? முகப்புல, என் மேஜைக்குப் பின்னாடி, வர்றவங்க பார்க்கிற மாதிரி.

கேன் மட்டும் நான் வச்ச இடத்துலயே இருந்திருந்தா? கையில தடவுற சானிடைசர்ல பாதிக்கு மேல ஆல்கஹால். அஞ்சு லிட்டர். நான் அதை நினைச்சுப் பார்க்கிறதை நிறுத்த ரொம்ப நாளாச்சு.

அன்னைக்கே பூட்டைக் கழட்டினேன். இடைக்காலத்துல படிச்சது ஒண்ணு சொல்றேன். 2020 மே 7 விடியக்காலை விசாகப்பட்டினத்துல எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிஞ்சு 12 பேர் செத்தாங்களே, அது ஊரடங்குல மூடிக்கிடந்த ஆலை. ரெண்டு நாள் கழிச்சு, மே 9ந் தேதி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒரு வழிகாட்டுதல் போட்டது. மூடிக்கிடந்த ஆலையைத் திறந்தா முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமா வச்சுக்கணும், உற்பத்தி இலக்கைத் துரத்தக் கூடாது. இன்னொண்ணும் அதுல இருந்தது. வழக்கத்துக்கு மாறான சத்தம், வாடை, கசிவு, புகை இதையெல்லாம் கவனிச்சுச் சொல்ல தொழிலாளிகளுக்குப் பழக்கணும்னு. பெரியக்காவுக்கு யாரும் பழக்கலை. வாடையைக் கவனிச்சாங்க, சொன்னாங்க. கேக்கிறதுக்குத்தான் எனக்கு யாரும் பழக்கலை.

இதோட முடிஞ்சிருந்தா இது ஒரு 'நல்லவேளை தப்பிச்சோம்' பதிவா போயிருக்கும்.

2021 ஏப்ரல் கடைசி. ரெண்டாவது அலை. ஒரு திங்கக்கிழமை காலையில பெரியக்கா வந்தாங்க. துப்பாக்கியைக் காட்டினேன். 97.8. (புது பேட்டரி, உண்மையான எண்.) ஆனா கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்தது. திண்ணைத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

"என்னக்கா, முடியலையா?"

"ராத்திரி கொஞ்சம் மேல் வலி. மாத்திரை போட்டுருக்கேன். எழுதிக்கங்க தம்பி, நல்லாத்தான் இருக்கேன்."

மாத்திரை போட்டா சூடு இறங்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டுக்குப் போங்கன்னு சொன்னா அன்னைக்குக் கூலி இல்லைன்னும் தெரியும். ஒரு நாள் இல்லை, அன்னைய நிலவரத்துக்குப் பதினாலு நாள். அவங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். நான் 97.8னு எழுதினேன். முதல் தடவையா நோட்டுல உண்மையான எண்ணை எழுதி, அதனாலேயே பொய் சொன்னேன்.

அன்னைக்கு அடுப்படி வேலை வேண்டாம், உக்கார்ந்து செய்யட்டும்னு நல்ல மனசோட பாக்கெட் போடுற அறைக்கு அனுப்பினேன். அந்த அறை வளவை ஒட்டினது. (வீட்டுல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை உண்டு, அதையே 'வீடு'ன்னு சொல்றது எங்க பக்கத்து வழக்கு. சாமான் வைக்கக் கட்டினது, சின்ன ஜன்னல்.) முறுக்கு நமுத்துப் போகாம இருக்க அதுக்கு ஏசி போட்டு, இருந்த ஜன்னலையும் அடைச்சிருந்தோம். குரங்குத் தொல்லைக்காக முற்றத்துக்கு மேலயும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியாச்சு. காத்துக்காகவே கட்டின வீட்டுல காத்துப் போகிற ரெண்டு வழியையும் அடைச்சுட்டு, நாங்க கதவுக் கைப்பிடிக்கு மருந்து தடவிக்கிட்டிருந்தோம்.

சரியா அந்த வாரத்துலதான், ஏப்ரல் 30ந் தேதி, உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கத்தை மாத்தினது. காத்தோட்டம் இல்லாத, நெரிசலான அறைகள்ல காத்துல மிதந்தும் இந்த வைரஸ் பரவும்னு. எங்க வீட்டைக் கட்டின கொத்தனார்கிட்ட கேட்டிருந்தா, ஜன்னலைத் தொறடான்னு சொல்லியிருப்பார்.

பத்து நாளைக்குள்ள ஏழு பேருக்கு வந்தது. பாக்கெட் அறையில இருந்த ஆறு பேரும், நானும். அடுப்படியில இருந்தவங்களுக்கு வரலை. யார்கிட்டயிருந்து யாருக்குன்னு என்னால சொல்ல முடியாது. அந்தச் சமயத்துல ஊரெல்லாம் இருந்தது. பெரியக்காவுக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியதாச்சு, பிழைச்சு வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் வரலை.

இப்ப இந்தப் பதிவை எழுத வச்ச விஷயத்துக்கு வர்றேன். இதை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.

வெப்பநிலை நோட்டுல பதினாலு பேர். சம்பளப் பட்டியல்ல ஒன்பது பேர்தான். அதையும் எழுதினது நான்தான். பத்து ஆச்சுன்னா இஎஸ்ஐ கட்டணும். அதனால ஒன்பதுலயே நிறுத்தி வச்சிருந்தோம். மிச்சப் பேருக்கு வவுச்சர்ல கூலி. இதெல்லாம் சின்னக் கம்பெனிகள்ல சாதாரணம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். இஎஸ்ஐயில என்ன கிடைக்கும்? ஆறு மாசத்துல 78 நாள் சந்தா கட்டியிருந்தா, உடம்பு முடியாம டாக்டர் சர்டிபிகேட்டோட வீட்டுல இருக்கிற நாளுக்கு, வருஷத்துல 91 நாள் வரைக்கும், கூலியில 70 சதவீதம் வரும். வைத்தியம் தனி.

கணக்குப்பிள்ளை புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாள் கூலி 400 ரூபாய்னு வையுங்க. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 13 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 3 ரூபாய். முதலாளிக்குப் பதினாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 182 ரூபாய். நாங்க வித்த சீடையில ரெண்டு மூணு பாக்கெட். அது இருந்திருந்தா அந்தத் திங்கக்கிழமை பெரியக்கா வீட்டுல படுத்திருந்தா நாளைக்கு 280 ரூபாய் வந்திருக்கும். தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னுருக்க மாட்டாங்க.

அந்த நாலாயிரம் ரூபாய் துப்பாக்கி கண்டுபிடிக்காத காய்ச்சலை, அவங்களே சொல்லியிருப்பாங்க. சொல்றதுக்கு அவங்களுக்கு வழி இல்லாமப் பண்ணினது நான்.

2022ல அந்த வேலையை விட்டேன். போன வாரம் நோட்டைப் பார்த்ததுக்கு அப்புறம் மனசு கேக்காம, டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டு பெரியக்கா வீட்டுக்குப் போனேன். இப்ப வீட்டுலயே கல்யாணங்களுக்குச் சீர்ப்பலகாரம் செஞ்சு கொடுக்கிறாங்க. கொல்லையில அடுப்பு. கதவே இல்லை :) ஒன்பது, பதினாலு கதையைச் சொன்னேன். எண்ணெயில இருந்து கண்ணை எடுக்காம கேட்டுக்கிட்டிருந்தாங்க.

"அது எனக்கு அப்பவே தெரியும் தம்பி. கையெழுத்துப் போட்ட நோட்டுல எத்தனை பேருன்னு எண்ணத் தெரியாதா எனக்கு?"

"ஏன்கா கேக்கலை?"

"கதவைத் தொறங்கன்னு மூணு வாட்டி கேட்டேனே."

அதுக்கு மேல அவங்க ஒண்ணும் சொல்லலை. ஒரு தட்டுல முறுக்கு வச்சுக் கொடுத்தாங்க. நான் சாப்பிட்டேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியலை.

இப்ப நான் வேலை பாக்கிறது வேற இடம், அதுவும் சின்னது. 2025 நவம்பர் 21 முதல் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கு. மின்சாரம் பயன்படுத்துற இடத்துல முன்னாடி 10 பேர் இருந்தாலே ஃபேக்டரி. இப்ப 20 பேர் இருந்தாத்தான். ஆக எங்க பலகாரக் கம்பெனி மாதிரி இடமெல்லாம் இனிமே ஃபேக்டரியே இல்லை. பத்துப் பேருக்கு மேல உள்ள நிறுவனங்கள்னு பொதுவான பாதுகாப்புக் கடமைகள் மட்டும் உண்டு. இஎஸ்ஐ அதே 10தான். பத்துக்குக் குறைவா இருந்தாலும் விருப்பப்பட்டுச் சேரலாம். அதனால, இந்த மாதிரி இடங்கள்ல கணக்கு எழுதுற என் இனத்து ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, அனுபவத்துல நாலு விஷயம்:

1. பட்டியல்ல இருக்கிற தலையும் வேலை செய்யிற தலையும் ஒண்ணா இருக்கட்டும். காய்ச்சல் காலத்துல முதல் மருந்து லீவு நாள் கூலிதான். அது இல்லாத இடத்துல மத்த எல்லாம் அலங்காரம்.

2. ஆள் உள்ளே இருக்கிற நேரத்துல எந்தக் கதவுக்கும் பூட்டு வேண்டாம். திருட்டு, கொரோனா, எந்தக் காரணத்துக்கும். உள்ளேயிருந்து தள்ளினா திறக்கணும்.

3. ஒரு ஆபத்துக்கு வாங்கின பொருள் இன்னொரு ஆபத்து ஆகுமான்னு பாருங்க. சானிடைசர் அடுப்புக்கிட்ட வேண்டாம். பிளீச்சிங் பவுடரை ஆசிட் ஊத்துற பாட்டில் பக்கத்துல வைக்காதீங்க, ரெண்டும் கலந்தா குளோரின் வாயு. எண்ணெய்ச் சட்டிக்கு மூடி கை எட்டுற தூரத்துல இருக்கணும்.

4. அடுப்புக்கிட்ட நிக்கிறவங்க சொல்றதை எழுதி வைக்க ஒரு நோட்டுப் போடுங்க. வெப்பநிலை நோட்டை விட அது உருப்படியா இருக்கும்.

இப்ப இருக்கிற இடத்துல ரெண்டாவதையும் நாலாவதையும் செஞ்சுட்டேன். முதலாவதுக்காக முதலாளிகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன். பதினொரு பேர் வேலை செய்யிறோம். பட்டியல்ல எத்தனைன்னு நீங்களே யூகிச்சுக்கலாம். அடுத்த மாசம் பத்தாவது பேரை எழுதாம சம்பளப் பட்டியல்ல கையெழுத்துப் போடுறதில்லைன்னு சொல்லிட்டேன். வேலை இருக்குமா போகுமான்னு அடுத்த பதிவுல சொல்றேன்.

நோட்டை எடைக்குப் போடலை. மேஜை டிராயர்ல, முன்னாடி சாவி இருந்த மாதிரி, வச்சிருக்கேன்.

பி.கு: உங்க ஆபீஸ்ல பின்கதவு எங்கே இருக்குன்னு தெரியுமா? நாளைக்குப் போனதும் ஒரு தடவை தள்ளிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.